எங்கள் வீட்டுக் கத்திக்குக் கல்யாணம்

காலம் முழுக்க மில்லில் நூலோடு மல்லுக்கட்டிவிட்டு ரிட்டயர் ஆன மனிதர் கையில் ஸ்மார்ட்போனைக் கொடுக்கக்கூடாது. மற்ற வீட்டுப் பெரியவர்கள் காலையில் ரோஜாப்பூ படம் போட்டு வணக்கம் அனுப்புவார்கள். எங்கள் மாமனார் கயிறு முடிச்சு வீடியோ பார்ப்பார். அதுவும் சத்தமாக வைத்து.

அத்தை பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். பால் ஒட்டக்கூடாது என்று கையில் எண்ணெய், கத்தியில் எண்ணெய், அப்புறம் பிடியில் மட்டும் எண்ணெய் இல்லாமலா இருக்கும்? கத்தி நழுவி, அவர் கட்டை விரலுக்குப் பக்கத்தில் 'டங்' என்று விழுந்தது. "பிடி வழுக்குதுங்க" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். கூடத்தில் படுத்திருந்த மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தார் என்று தோன்றியது.

மறுநாளே கீழமாசி வீதிப் பக்கம் ஒரு கயிற்றுக் கடை. மளிகை வாங்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன்.

"கொடி கட்டவா, தொட்டிலுக்கா, மாட்டுக்காண்ணே?" என்றார் கடைக்காரர்.

"கத்திக்கு."

கயிற்றை அளக்கப்போன கை நின்றுவிட்டது. மதுரைக்காரன் என்றாலே முதுகுக்குப் பின்னால் அருவாள் சொருகியிருப்பான் என்று சினிமாக்காரர்கள் ஊர் உலகமெல்லாம் பரப்பிவிட்டார்கள். அதை உள்ளூர்க்காரரே நம்பினால் என்ன செய்வது? கடைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டு, "சொந்தத்துக்குள்ள ஏதும் பிரச்சனையாண்ணே?" என்று கேட்டார். "பலாப்பழம் வெட்டுற கத்திங்கண்ணே" என்று நான் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார். வெள்ளை நைலான் கயிறு, சுண்டுவிரலில் பாதி தடிமன் இருக்கும், ஒரு கண்டு வாங்கினோம். ஒரு கத்திக்கு எதற்கு ஒரு கண்டு என்று கேட்கலாமென்று வாய் வரை வந்தது. மாமனாரிடம் எதை எப்போது கேட்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதே வகுப்பு ஆரம்பித்துவிட்டது. பாராசூட்டில் கட்டுகிற கயிற்றுக்குப் பாராகார்ட் என்று பெயராம். 550 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 250 கிலோ இழுவையைத் தாங்குமாம். மேலே பின்னல் உறை, உள்ளே ஏழு இழை. காட்டுக்குள் போகிற வெள்ளைக்காரன் கத்திப் பிடியில் அதைத்தான் சுற்றி வைத்துக்கொள்வானாம், அவசரத்துக்கு அவிழ்த்து வேறு எதற்காவது கட்டிக்கொள்ளலாமாம். நம் அடுப்படியில் அப்படி என்ன அவசரம் வரும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். பால் பொங்குவதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டார். நைலான் நனைந்தால் கொஞ்சம் நீளும், காய்ந்தால் சுருங்கும். ஈரத்தோடு இழுத்துச் சுற்றினால், காய்ந்தபின் பிடியைக் கவ்விக்கொள்ளும். இது மாமாவின் மில் அனுபவம். உண்மையும்கூட. இந்த உண்மைதான் பின்னால் அவரையே கவிழ்த்தது.

முதல் சுற்று சொதப்பல். மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு போட்டிருந்தார். கத்தியைப் பிடித்தால் முடிச்சு உள்ளங்கையில் புளியங்கொட்டையாக உறுத்தியது. வாசலில் பந்து பொறுக்க வந்த பக்கத்து வீட்டுப் பையன்தான், "தாத்தா, பேட்டுக்கு நூல் சுத்துறாப்ல சுத்துங்க" என்று சொல்லி உட்கார்ந்தான். கயிற்றின் ஒரு நுனியை மடக்கி, காது மாதிரி பிடியின்மேல் நீளவாக்கில் படுக்க வைத்தான். அந்தக் காதின் மேலேயே நெருக்கி நெருக்கிச் சுற்றிக்கொண்டு போனான். கடைசியில், கையில் மிஞ்சிய நுனியைக் காதுக்குள் நுழைத்துவிட்டு, தொடங்கிய இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியைப் பிடித்து இழுத்தான். காது சுருங்கி, மறுநுனியையும் இழுத்துக்கொண்டு சுற்றுக்கு அடியில் போய் மறைந்துவிட்டது. பாதி தூரம் போனதும் நிறுத்தி, இரண்டு பக்கமும் மிச்சத்தை நறுக்கினான். முடிச்சே இல்லை! நறுக்கின நுனி பிரியாமலிருக்க மாமா தீக்குச்சி கொளுத்தி உருக்கினார். அவருக்கும் ஒரு பங்கு வேண்டுமல்லவா.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கையில் எடுத்தால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றது. மாமா உற்சாகம் தாங்காமல் ஜப்பானுக்குப் போய்விட்டார். அங்கே வாள் பிடியில் முதலில் திருக்கை மீன் தோலை ஒட்டி, அதன்மேல்தான் நாடாவைச் சுற்றுவார்களாம். தோல் சொரசொரவென்று இருப்பதால் நாடா நகராதாம்.

அத்தை உலைக்கு அரிசி களைந்துகொண்டே கேட்டார்: "திருக்கைய வாங்கிப் புட்டு வைக்காம கத்தியிலயா ஒட்டுவாய்ங்க? கிறுக்குப் பயலுக."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கரிமேட்டிலிருந்து மீன். அன்றைக்குப் பிடித்த சனி. மீன் தண்ணியெல்லாம் கயிற்றுக்குள் இறங்கிவிட்டது. சோப்பு போட்டு, எலுமிச்சை தேய்த்து, வெயிலில் வைத்தும் வாடை போகவில்லை. மொட்டைமாடிச் சுவரில் காயவைத்த கத்தியைத் தெருப்பூனை ஒன்று உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தது. விரட்டினால் என்னைப் பார்த்துச் சீறுகிறது, கத்தி அதன் பாட்டன் சொத்து என்ற தோரணையில்.

அடுத்த கூத்து, பிடி லூசானது. காய்ந்தால் இறுகுகிற கயிறு, நனைந்தால் நெகிழும்தானே? அடுப்படிக் கத்தி எப்போது காய்கிறது? காலையில் வெங்காயம், உடனே கழுவு, மத்தியானம் கத்தரிக்காய், மறுபடி கழுவு. அழுத்தி வெட்டும்போது சுற்று மொத்தமும் பிடியில் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தது. மாமா தினமும் அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றினார். அதற்குள் மஞ்சள்பொடிக் கை பட்டுப் பட்டு வெள்ளைக் கயிறு முழு மஞ்சளாகிவிட்டது.

"மஞ்சக்கயிறு கட்டியாச்சு. இனி அது உங்க பொண்டாட்டி, நீங்களே வச்சுக் குடித்தனம் பண்ணுங்க" என்று அத்தை கத்தியை மாமா கையில் கொடுத்துவிட்டு, பரண்மேல் கிடந்த அருவாமனையை இறக்கச் சொன்னார். அதில் பிடிப் பிரச்சினையே கிடையாது. பலகையைக் காலால் மிதித்துக்கொண்டால் போதும், கையில் பிடிப்பது காயை மட்டும்தான். வழுக்கினால் காய்தான் வழுக்கும். அத்தை பூசணிக்காயைப் பிளந்த வேகத்தைப் பார்த்து மாமா கூடத்துக்கு நகர்ந்துவிட்டார்.

தெருமுனை இளநீர்க்காரரிடம் போய்ப் புலம்பியிருக்கிறார். அவர் தன் அருவாளைக் காட்டினாராம். பழைய சைக்கிள் டியூபை ரிப்பனாக வெட்டி, இழுத்துச் சுற்றியிருக்கிறார். "தண்ணியில கெடக்குற சாமானுக்குக் கயிறு ஆகாதுண்ணே. ரப்பர்னா ஊறாது, தொடச்சா போச்சு." மாமா துள்ளிக்கொண்டு வந்து சொன்னார். "சட்னியில பஞ்சர் கடை வாசம் வரணுமா?" என்று அத்தை ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

கடைசியில் நான்தான் கயிற்றை அறுத்து எடுத்தேன். உள்ளே ஒரு தனி உலகமே இருந்தது. வெங்காயச் சருகு, ரெண்டு மீன் செதில், பிசுபிசுவென்று ஏதோ கறுப்பு. மரம் ஊறி, ஆணியைச் சுற்றிப் பூஞ்சை பூத்திருந்தது. அடுப்படிக் கத்திக்குக் கயிறு சுற்றலாமா என்று யாராவது கேட்டால், சுற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். பிடி சொரசொரப்பாக வேண்டுமென்றால் மரத்தில் உப்புத்தாளை லேசாக ஓட்டினாலே போதும். அப்படித்தான் இப்போது ஓடுகிறது.

ஆனால் மாமாவின் கலை வீண்போகவில்லை. மேலூர்ப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் சின்ன மாமா ஒரு திருப்பாச்சேத்தி அருவாள் வைத்திருக்கிறார். வேலி முள் வெட்டுவதற்கு. வெயிலில் உள்ளங்கை வேர்த்துப் பிடி நழுவுகிறது என்றார். போன மாதம் ஒரு காதுகுத்துக்குப் போனபோது மாமா அதற்குச் சுற்றிக் கொடுத்தார். மீனும் இல்லை, மஞ்சளும் இல்லை, நாள் முழுக்கக் காய்ந்த காற்று. அருமையாக நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் அவரவர் அருவாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பந்தலிலேயே சிலதை முடித்தார். மிச்சத்தை "வீட்ல வச்சு நிதானமா சுத்தித் தர்றேன்" என்று கட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம். கட்டைப்பையிலிருந்து பிடிகள் எட்டிப் பார்க்கின்றன. பக்கத்து சீட்டுக்காரர் மெதுவாக எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். கண்டக்டர் வந்தார், பையைப் பார்த்தார், மாமாவின் நரைத்த மீசையைப் பார்த்தார்.

"பெரியவரே, என்ன இது?"

"வேலைப்பாட்டைப் பாருங்க தம்பி" என்று ஒன்றை உருவப் போனார் மாமா. நான் கையைப் பிடித்து அமுக்கிவிட்டேன். கண்டக்டர் குனிந்து, வெளியே தெரிந்த பிடியைத் தடவிப் பார்த்தார். முடிச்சைத் தேடினார். கிடைக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் தோள் பையைக் கழற்றினார்.

"இந்த வாரு அந்து போற மாதிரி இருக்கு. இதுக்கும் இப்படிச் சுத்தலாமா?"

மாமா சட்டைப் பையிலிருந்து மிச்சக் கயிற்றை எடுத்தார். மாட்டுத்தாவணி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.