ஏழாம் நம்பர் பிரஸ்

செப்டம்பர் 9, 2024, திங்கள்

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் இன்று வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டார்கள். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்பது கோரிக்கை. ஷிப்ட் முடிந்து திரும்பும்போது கம்பெனி பஸ் முழுக்க அதே பேச்சு. எங்கள் தொழிற்சாலையில் நாங்கள் கோரிக்கைப் பட்டியல் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது, நிர்வாகம் இரண்டே முறைதான் பேசியிருக்கிறது.

பட்டியலில் பதினான்காவது கோரிக்கை நான் சண்டை போட்டுச் சேர்த்தது. டெம்பரரி ஆட்களில் 480 நாள் முடித்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பது.

செப்டம்பர் 13, வெள்ளி

தகடு அழுத்தும் மெஷினான ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் எனக்கு எதிரே நிற்கும் தம்பி 2023 மார்ச்சில் சேர்ந்தவன். இன்று அவன் கையுறையைக் கழற்றியபோது பார்த்தேன். ஆள்காட்டி விரல் பக்கம் கிழிந்து, அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தான். தகட்டின் பிசிறு டேப்பையும் அறுத்திருக்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு வாரம் ஒரு ஜோடி, டெம்பரரிக்கு மாதம் ஒன்று. தகட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? என் ஜோடியைக் கொடுத்தேன். "வேணாம்ணா, சூப்பர்வைசர் கேப்பாரு" என்றான். கேட்கட்டும் என்று கையில் திணித்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சங்க அலுவலகத்தில் பழைய தலைவர் வகுப்பு எடுத்தார். பெரம்பூர் பின்னி ஆலைக் கதை. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பிறகு வேலைநிறுத்தம், கதவடைப்பு என்று போனபோது, தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்ட தலைவர்கள் மேல் கம்பெனி வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையும் வாங்கியது. அந்த அதிர்ச்சியில் எழுந்த கோரிக்கைதான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வரை போனது. சங்கம் வைத்ததற்காக வழக்கில் சிக்கிச் சீரழியக் கூடாது என்று நமக்கு முன்னால் யாரோ அலைந்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்தபோது தொண்டை அடைத்தது.

அக்டோபர் 4, வெள்ளி

தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் சமரசப் பேச்சு. நிர்வாகம் இறங்கி வந்திருக்கிறது, சம்பள உயர்வு நாங்கள் கேட்டதற்குப் பக்கத்தில். ஆனால் ஒரு நிபந்தனை: பதினான்காவது கோரிக்கையைக் கைவிட வேண்டும். அப்புறம் இன்னொன்று, ஒப்பந்தத்தை வெளியே, தொழில் தகராறு சட்டத்தின் 18(1) பிரிவில் போட்டுக்கொள்ளலாமாம்.

அது கையெழுத்துப் போடும் தரப்புகளை மட்டும்தான் கட்டும். சமரச அதிகாரி முன்னால் போடும் 12(3) அப்படியில்லை. சங்கத்தில் இல்லாதவரையும், நாளை வேலைக்குச் சேருகிறவரையும்கூட அது கட்டும். 12(3) இல்லாமல் பேனாவைத் தொட மாட்டோம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். அந்த விஷயத்தில் எங்களுக்குள் பிளவே இல்லை.

பதினான்கில்தான் பிளவு. "டெம்பரரி பசங்க சந்தா கட்டுறாங்களா?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். சேர்ந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்பான், அவன் எப்படிக் கட்டுவான் என்றேன். பத்து வருட நண்பர், முகம் கொடுக்காமல் போய்விட்டார்.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பொரி. நிரந்தரத்துக்கு இனிப்புப் பெட்டி, டெம்பரரிக்குப் பொட்டலம். தம்பி தன் பொட்டலத்தை அப்படியே ஊருக்கு எடுத்துப்போக வைத்திருந்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

சாம்சங் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. 37 நாள்.

நாங்களும் இன்று 12(3)-இல் கையெழுத்துப் போட்டோம். சம்பளம் உயர்ந்தது. டெம்பரரிக்கும் வாரம் ஒரு ஜோடி கையுறை, கேன்டீனில் ஒரே சாப்பாடு, ஒரே பஸ். ஆனால் நிரந்தரம் பற்றி, "சட்டப்படி பரிசீலிக்கப்படும்" என்ற ஒரு வரிதான். எல்லோரும் மாலை போட்டார்கள். எனக்கு அந்த ஒரு வரியே கண்ணில் நின்றது.

அக்டோபர் 19, சனி

தம்பிக்கு இன்றோடு 471 நாள். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம், ஒரு மாதம் கழித்துக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இந்தக் கணக்கை யாரோ மேசையில் உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் வழக்கறிஞரைப் பார்த்தேன். 480 நாள் முடித்தவருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். மூன்று மாதத்துக்கு மிகாமல் ஆளை நிறுத்தி வைத்து, அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டிருந்தால் பணித் தொடர்ச்சி அறுபடாது. "மாற்று ஆள் நின்னாங்கிறதுக்கு ஆதாரம் வேணும் சார்" என்றார்.

அக்டோபர் 21, திங்கள்

முதல் ஷிப்ட், 6 மணி. ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் எனக்கு எதிரே புதுப் பையன் நின்றான், கையில் புதுக் கையுறை. பெயர், ஊர், சேர்ந்த தேதி கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டான். தம்பியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் நாளையும் எழுதிக்கங்கண்ணா" என்றான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவனுக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறேன். நாள் 1.