திரையில்லாத டேப்லெட்டில் காசிமேட்டுக் கயிறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. சென்னைக் காசிமேடு துறைமுகத்தில் லாஞ்சுகள், அதாவது விசைப்படகுகள், எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். பெயின்ட் அடிப்பது, பலகை மாற்றுவது, இன்ஜின் பிரிப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். வரையப் பழகுகிறவனுக்கு, மறுநாள் வந்து பார்த்தாலும் அதே இடத்தில் நிற்கிற மாடல் வேறு எங்கே கிடைக்கும்? அந்தத் தடைக்காலத்தில்தான் பென் டேப்லெட்டில் வரைய ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரோடு இணைத்த பலகையில் பேனாவால் வரைந்தால் கோடு கம்ப்யூட்டர் திரையில் விழும் கருவி அது.

வீடு பழைய வண்ணாரப்பேட்டை. வேலை பாரிமுனையில், சரக்கு கிளியரிங் ஆபீஸில் பில் போடுவது. அதுவரை படம் என்றால் எனக்குப் பால்பாயின்ட் பேனாவும் ரஃப் நோட்டும்தான். திரையோடு வரும் டேப்லெட்டின் விலையைக் கேட்டதும் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, திரையில்லாததில் சின்னதாக ஒன்று வாங்கினேன். ஒன் பை வாகாம், சி.டி.எல். 472. மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். கருப்புப் பலகை, ஒரு பேனா, கூடவே மூன்று உதிரி நிப், அதாவது பேனா முனை. பலகையில் ஒரு பட்டன்கூடக் கிடையாது. பேனாவுக்கு பேட்டரியோ சார்ஜோ வேண்டாம். பலகை உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்தே அதற்கு வேண்டிய சக்தி கிடைத்துவிடுகிறது. வரையும் மென்பொருள் கிரிட்டா. இலவசம். நிறுவுவதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

எல்லோரும் முதலில் கேட்பது, கை ஒரு இடம் கண் ஒரு இடம் என்றால் எப்படி வரைவது என்பதைத்தான். கேள்வி நியாயமானது, ஆனால் அதற்குக் கொடுக்கிற பயம் அதிகம். மவுஸ் பிடித்துப் பழகிய யாரும் கையைப் பார்த்து வேலை செய்வதில்லை. வித்தியாசம் ஒன்றுதான். மவுஸைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தாலும் அம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். பேனா அப்படி இல்லை. பலகையின் இடது மேல் மூலையில் வைத்தால் திரையின் இடது மேல் மூலைக்கே போகும். டிரைவரில், அதாவது டேப்லெட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மென்பொருளில், இதை மவுஸ் மாதிரி மாற்றவும் வழி இருக்கிறது, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பேனா முறையிலேயே விட்டு, ஆபீஸ் மெயில் திறப்பது, பாட்டு மாற்றுவது என்று மற்ற வேலைகளையும் பேனாவிலேயே செய்துவந்தேன். கை தானாக இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு லாபமும் உண்டு: என் கை படத்தை மறைப்பதில்லை, கழுத்தும் குனிவதில்லை.

அவ்வளவு சீக்கிரம் வசத்துக்கு வராதது கோடு. காகிதத்தில் ஒழுங்காக வந்த கோடு திரையில் நெளிந்தது. காரணம் கணக்கில் இருக்கிறது. இந்தப் பலகையில் வரையும் பரப்பு 152 மி.மீ. அகலம், 95 மி.மீ. உயரம். என் லேப்டாப் 15.6 அங்குலம், திரை ஏறக்குறைய 345 மி.மீ. அகலம். அதாவது கை 1 செ.மீ. நகர்ந்தால் திரையில் கோடு 2.27 செ.மீ. நகரும். கையின் நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும். ஆபீஸில் இருப்பதைப் போன்ற 24 அங்குல மானிட்டரில் மாட்டினால் இது மூன்றரை மடங்கு. சின்னப் பலகையைப் பெரிய மானிட்டரோடு சேர்ப்பவர்கள் ‘எனக்குக் கை வரவில்லை’ என்று நொந்துகொள்வதில் பாதி இந்தப் பெருக்கல்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது டயர். லாஞ்சுகள் ஒன்றோடொன்று மோதி அடிபடாமல் இருக்கப் பக்கவாட்டில் பழைய லாரி டயர்களைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு படகுக்கு நாலைந்தாவது இருக்கும். நேராக நின்று பார்த்தால் வட்டம், ஆனால் நான் போட்ட டயர் எல்லாம் மேலிருந்து அமுங்கி அகன்றிருந்தது. அகலத்துக்கு உயரம் என்று பார்த்தால் பலகை 16க்கு 10, திரை 16க்கு 9. முழுப் பலகையும் முழுத் திரைக்கு நீட்டப்படும்போது அகலத்தில் 2.27 மடங்கு, உயரத்தில் 2.04 மடங்கு, வட்டம் பதினோரு சதவீதம் அகன்றுவிடும். டிரைவரில் மேப்பிங் பகுதியில் ஃபோர்ஸ் ப்ரொபோர்ஷன்ஸ் என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் பலகையின் உயரத்தில் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. வேலை செய்யாது, ஆனால் வட்டம் வட்டமாக வரும். புது டேப்லெட் வாங்குகிறவர்கள் பிரஷ் தேடி டவுன்லோட் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

டயரையாவது டிக் போட்டுச் சரிசெய்துவிட்டேன். கயிறுதான் பாடாய்ப் படுத்தியது.

படகின் முன்பக்கமான அணியத்திலிருந்து கரையில் இருக்கும் கட்டைக்கு வருகிற கயிறு ஒரே வீச்சில் வர வேண்டிய கோடு. துண்டு துண்டாக ஒட்டினால் பார்த்தவுடனே தெரியும். மணிக்கட்டை ஊன்றி வரைந்தால் நாலைந்து செ.மீ.க்கு மேல் கோடு போகாது, அதுவும் வில்லாக வளையும், ஏனென்றால் மணிக்கட்டு அச்சாக நின்றுவிடுகிறது. முழங்கையிலிருந்து நகர்த்தினால் நீளம் கிடைக்கும். தோளிலிருந்து நகர்த்துவது பெரிய பலகைக்குச் சரி. இந்த அளவுக்கு முழங்கையே போதும் என்பது என் அனுபவம். பலகையை மேஜை விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன், முன்கை முழுதும் மேஜையில் கிடக்கும்படி.

அப்புறம் ஜூம். படத்தை எவ்வளவு சிறிதாக்கி வரைகிறோமோ அவ்வளவுக்கு நடுக்கம் படத்தில் பெரிதாக விழும். ரொம்பப் பெரிதாக்கினால் கயிறு திரைக்குள் அடங்காது. அதனால் கயிறு மட்டும் திரையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வரும் அளவுக்கு ஜூம் வைத்து, கை எந்தத் திசையில் சுகமாக இழுக்கிறதோ அந்தத் திசைக்குப் படத்தைத் திருப்பிவிடுகிறேன். கிரிட்டாவில் 4 அழுத்தினால் ஒரு பக்கம் சுழலும், 6 மறுபக்கம், 5 பழைய நிலைக்கு. எனக்குக் கீழிடமிருந்து மேல்வலம் இழுப்பதுதான் வாகு. கயிறு எந்தப் பக்கம் போனாலும் என் கை போகிற திசை ஒன்றே. பலகையில் பட்டன் இல்லாத குறையை இடது கை கீபோர்டில் தீர்த்துவிடுகிறது.

ஸ்டெபிலைசர் என்று ஒரு வசதி உண்டு. பேனா போகிற பாதையைச் சராசரி எடுத்து, கோட்டைச் சற்றுப் பின்தங்கி வரவைக்கும். நடுக்கம் காணாமல் போகும். ஆனால் அளவை ஏற்றிக்கொண்டே போனால் எல்லாக் கயிறும் ஒரே தொழிற்சாலையில் செய்தது போல வழவழவென்று வந்துவிடும். இப்போது குறைவாக வைத்துக்கொள்கிறேன், டயருக்கும் எழுத்துக்கும் சுத்தமாக அணைத்துவிடுகிறேன்.

இந்தக் கயிறு விஷயத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பாடம் எந்த வீடியோவிலும் இல்லை. துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நான் வரைந்த படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா, கயிறு துணி காயப்போட்ற கொடி மாறி தொங்குது?”

“தொங்கத்தானே செய்யுது, தாத்தா?”

“லாஞ்சு வெளிய தள்ளசொல்ல வெறைச்சிக்கும், உள்ள வரசொல்ல தொய்யும். எல்லாம் ஒண்ணு போலயா தொங்கும்? நல்லா பாரு.”

பார்த்தேன். நிறுத்தி வைத்த படகும் சும்மா நிற்பதில்லை. வெளிவரிசையில் இருப்பது இழுக்கும்போது அதன் கயிறு கோல் வைத்துப் போட்ட கோடாக நிற்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டதன் கயிறு தண்ணீரைத் தொடுகிறது. விறைத்த கயிற்றுக்கு வேகமாக ஒரே இழுப்பு, தொய்ந்ததற்கு மெதுவான, நடுவில் அழுத்தம் கூடுகிற கோடு என்று பிரித்துக்கொண்டேன். அதன் பிறகு படத்தில் படகுகளுக்கு எடை வந்தது. ஸ்டெபிலைசர் அளவை நான் குறைத்ததும் அதற்குப் பிறகுதான்.

அழுத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தப் பேனாவுக்கு 2048 அழுத்த நிலைகள். இதே விலையில் 8192 என்று போட்டு வருகிற டேப்லெட்டுகள் உண்டு, கடைக்காரர்களும் அந்த எண்ணைத்தான் முதலில் காட்டுவார்கள். 2048க்கும் 8192க்கும் இடையே என் கைக்கு வித்தியாசம் தெரியாது. தெரிவது அழுத்த வளைவு: எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தடிமன் என்கிற கோடு. கிரிட்டா செட்டிங்கில் டேப்லெட் பகுதியில் அதை வளைக்கலாம். பில் எழுதி எழுதி என் கைக்கு அழுத்தம் அதிகம், அதனால் பேனா எடுத்த எடுப்பில் முழுத் தடிமனுக்குப் போய்விடும். வளைவைக் கொஞ்சம் கீழே இழுத்ததும் மெல்லிய கோடுகள் கைக்கு வந்தன. பேனாவைச் சாய்த்தால் கோடு மாறும் வசதி இந்த மாடலில் கிடையாது. கரிக்கோல் மாதிரி பக்கவாட்டில் தீற்றி நிழல் போட நினைப்பவர்கள் அதைப் பார்த்து வாங்குவது நல்லது.

நம் ஊர் மே மாதத்தில் பலகையைவிட முதலில் நனைவது உள்ளங்கை. வியர்வை பட்டதும் கை ஒட்டிக்கொண்டு, நீளக் கோட்டின் நடுவில் தடுக்கும். கையுறை என்று தனியாக விற்கிறார்கள். நான் பழைய சாக்ஸின் நுனியை வெட்டிச் சுண்டுவிரல் பக்கம் மாட்டிக்கொண்டேன், வேலை நடக்கிறது. பலகையின் வழுக்கல் பிடிக்காவிட்டால் மேலே ஒரு ஏ4 தாளை செலோடேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம். மின்காந்த முறை என்பதால் தாள் குறுக்கே இருந்தாலும் பேனாவைப் பலகை உணரும். ரஃப் நோட்டில் போட்ட சின்ன ஸ்கெட்ச்சைக் கிழித்து, பலகைமேல் வைத்து, மேலேயே ஓட்டி நகலெடுக்கவும் முடியும். துறைமுகத்தில் நின்றபடி போட்டவை கம்ப்யூட்டருக்குள் போனது இப்படித்தான். தாளில் நிப் சீக்கிரம் தேயும் என்பது ஒன்றுதான் விலை. ஒரு பக்கமாகத் தேய்ந்து கூர்முனை வந்துவிட்டால் பலகையில் கீறல் விழும், அதற்கு முன்னால் இடுக்கியால் பிடுங்கி வேறு போட்டுவிட வேண்டும்.

வண்ணத்தில் நான் இன்னும் தத்தளிப்புதான். படகுகளின் அந்த நீலமும் வெளுத்துப்போன பச்சையும் என் லேப்டாப் திரையில் சாய்வு மாறினாலே வேறாகத் தெரிகின்றன. முடித்ததும் போனுக்கு அனுப்பிப் பார்த்துத் திருத்துகிறேன். இது டேப்லெட் பிரச்சினை அல்ல. ஆனால் திரையில்லாததை வாங்குகிறவர், தன்னிடம் இருக்கும் திரையோடுதான் குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

பெரிய பலகை வாங்கலாமா என்று ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான். மேஜையில் இடமும் பெரிய மானிட்டரும் இருந்தால் வாங்கு, லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்து வரைவதென்றால் சின்னதே போதும் என்றேன். பழையது வாங்குவதானால், கிரிட்டாவைத் திறந்து, பேனாவை இறகு படுவதுபோல் வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன்: மெல்லிய கோடு வந்தால் எடுக்கலாம். பேனாவைப் பலகைமேல் தூக்கிப் பிடித்திருக்கும்போதே கோடு விழுந்தால் பேனா போய்விட்டது என்று அர்த்தம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.