தடைக்காலத்தில் வந்த கேள்வி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாட்களில்தான் எங்கள் கரையில் பிள்ளைகளின் தேர்வு முடிவுகளும் வருகின்றன, அடுத்த படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய நாளும் வருகிறது. அரசு தரும் தடைக்கால நிவாரணமான 8000 ரூபாய் அரிசிக்கும் மளிகைக்குமே போய்விடும். ராமேசுவரம் பக்கத்தில் தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அக்காள், மூத்த மகனைப் பொறியியல் படிக்க வைக்க அடகு வைத்த சங்கிலியை இன்னும் மீட்கவில்லை. இந்த நிலையில் பத்தாம் வகுப்புத் தேறிய இளையவன், தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யில் சேரப்போகிறேன் என்று சொல்ல, அக்காள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, இன்னைக்கு ஸ்பேனரைப் பிடிச்சா நாளைக்குப் படகுலதான் ஏறுவான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் கரையின் அச்சம் முழுவதும் இருக்கிறது. புயலையும், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு மாதக்கணக்கில் அயல்நாட்டுச் சிறையில் கிடப்பதையும் பார்த்துப் பார்த்து, பிள்ளை கடலுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று நினைக்கும் தாய்மார்களுக்குக் கல்லூரி என்பது கடலிலிருந்து தூரத்தில் இருக்கும் ஓர் இடம். அங்கே என்ன கற்றுத் தருகிறார்கள் என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். மூத்தவனை ஒரு தரகர் சொன்ன கல்லூரியில் சேர்த்தபோது, உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று நாங்கள் யாருமே அவனிடம் கேட்கவில்லை. இன்று அவன் வாங்கும் சம்பளத்தில் பாதி கடனுக்குப் போகிறது. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

கைத்தொழில் என்றால் எனக்கு மண்டபத்தில் இருக்கும் சித்தப்பாதான் நினைவுக்கு வருவார். தடைக்காலத்தில் கரையேற்றிய படகுகளின் இன்ஜின்களைப் பழுது பார்ப்பவர். திருப்புளியின் முனையை இன்ஜின் மீது ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோடு சேர்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். புகை கறுப்பாக வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, விடாமல் வெள்ளையாக வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கலாம் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவரே. வால்வின் டாப்பெட் இடைவெளியை, அதை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் இல்லாமலே விரலால் சொல்லிவிட்டு, அதன் பிறகும் கேஜை விட்டுச் சரிபார்ப்பார்.

இத்தனையும் தெரிந்த அவர், வளைகுடாவில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றுக்கு ஆள் எடுத்தபோது செய்முறைத் தேர்வில் தேறியும் போக முடியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவர். கேட்ட இடத்தில் காட்டுவதற்குச் சான்றிதழ் எதுவும் அவரிடம் இல்லை. ஆகவே தொழில் கற்பதா, படிப்பதா என்று கேட்பதைவிட, கற்ற தொழிலுக்குத் தாள் இருக்கிறதா என்று கேட்பதே சரி என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் தாளுக்கு வழி எப்போதோ போட்டாகிவிட்டது. ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. தொழிற்சாலையில் உதவித்தொகையுடன் பயிற்சி பெற வகைசெய்யும் அப்ரன்டிஸ் சட்டம் 1961இல் வந்தது. ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் அரசு ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. அங்கே பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றபின் பொறியியல் கல்லூரியிலும் அப்படியே சேரலாம். ஐ.டி.ஐ. போனால் கல்லூரிக் கதவு சாத்திவிடும் என்று அக்காளைப் போலவே நானும் பல காலம் நம்பியிருந்தேன்.

கணக்கிலோ உயிரியலிலோ மனம் ஊன்றிய பிள்ளையைக் கடன் பட்டாவது கல்லூரிக்கு அனுப்பத்தான் வேண்டும். மண்டபத்தில் பல பத்தாண்டுகளாகக் கடல்மீன் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே நுழைய எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டம் வேண்டும். பெண் பிள்ளைகளிடம் மட்டும் தொழில் கற்கிறாயா என்று யாரும் கேட்பதே இல்லை என்பது எனக்குத் தனி வருத்தம்.

மருமகனுக்கு ஆசை டீசல் மெக்கானிக் பிரிவில். ஆனால் அது ஓராண்டுப் பயிற்சி என்றும், ஃபிட்டர் இரண்டாண்டு என்றும் தெரிந்ததும், பின்னால் பாலிடெக்னிக் போக எது உதவும் என்று அவனே கேட்டான். ஃபிட்டருக்கு விண்ணப்பித்தோம். விடுமுறை நாட்களில் இன்ஜின் வேலைக்குத் தன்னோடு வரட்டும் என்று சித்தப்பா சொன்னார். அக்காள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, படகு கரையில் நிற்கும்போது மட்டும்தான் அவன் அதில் ஏற வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.