சிவந்த மொய்னாவும் மதிய நேரத்து மீட்டரும்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் தென்சென்னையில் உள்ள பள்ளிக்கரணை சதுப்புக்கும், அதன் தண்ணீர் வடியும் ஒக்கியம் மடுவுக்கும் அடிக்கடி போவோம். பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது, பிஎச், ஆக்சிஜன், அமோனியா, பாஸ்பேட் பார்ப்பது, அட்டவணையை நிரப்பி அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. கூடவே வாளி வாளியாகத் தண்ணீரை மெல்லிய வலையில் ஊற்றி, தங்கியதை நுண்ணோக்கியில் எண்ணுவதும் உண்டு. அந்த எண்ணிக்கையை யாரும் கேட்டதில்லை, எனக்கென்னவோ அதுதான் பிடித்தது.

வலையில் சிக்குபவை இறால், நண்டுக்குச் சொந்தக்காரர்கள், மிஞ்சிப்போனால் ஓரிரு மில்லிமீட்டர். கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு மொய்னாவைத் தெரியும், மீன் குஞ்சுக்குத் தீனி. சைக்ளோப்ஸ் என்றால் நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பியது என்றுதான் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஆனால் அந்தக் கூட்டத்திலேயே கொசுப் புழுவைத் தின்னும் மீசோசைக்ளோப்சும் இருக்கிறது, வியட்நாமில் டெங்குவைத் தடுக்க அதைத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டார்கள்.

ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரவியிருந்தது பள்ளிக்கரணை சதுப்பு. 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 1,247 ஹெக்டேர்தான். தென்சென்னை ஏரிகள் வழிந்து இங்கே வரும் தண்ணீர், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரும் கேட்பது ஒன்றே, தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர் வேறென்ன கேட்பார்? சரிதான்.

ஆனால் சீக்கிரம் வடிவது அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வடிகிறது. கோரைக்கும் நாணலுக்கும் நடுவே மெதுவாக நகர்ந்தால் வண்டல் படியும், செடிகள் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆழமாக வெட்டிய வாய்க்காலில் அதற்கு நேரமில்லை. போதாததற்கு, காய்ந்துபோன சதுப்பு மண்ணில் மக்காமல் கிடந்ததெல்லாம் காற்றுப் பட்டு மக்க ஆரம்பிக்கும், அடுத்த மழையில் அந்தச் சத்தும் கரைந்து கால்வாய்க்கு வரும், பாசிக்குக் கொண்டாட்டம். மொய்னா பிறந்து, வளர்ந்து, குட்டி போடவே நாலைந்து நாள் வேண்டும். அதற்குள் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

ஆக்சிஜன் மீட்டரில் தெரியாத ஒன்று வலையில் சிக்கும் மொய்னாவில் தெரியும். பாசி மண்டிய தண்ணீரில் மதியம் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும், விடியற்காலையில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். நாங்கள் போய்ச் சேர்வதோ பெரும்பாலும் வெயில் ஏறிய பிறகு! ஆக்சிஜன் குறைந்தால் மொய்னாவின் உடம்பில் ஹீமோகுளோபின் கூடிச் சிவந்துவிடும். மதியம் மீட்டர் நல்ல எண் காட்டும்போது வலையில் சிவப்பாக ஏதாவது மிதந்தால், முந்தைய இரவுகள் எப்படிப் போயின என்பது புரிந்துவிடும். அறிக்கையில் அதற்குக் கட்டம் கிடையாது, குறிப்பு என்ற இடத்தில் எழுதி வைப்பேன்.

அப்புறம் தூர்வாரல். நிலைமை மோசமானால் மொய்னா கெட்டியான ஓட்டுக்குள் முட்டை வைத்துவிடும், அது சேற்றில் வருடக்கணக்கில் கிடந்து நல்ல தண்ணீர் வந்ததும் பொரியும். பொக்லைன் அள்ளிப்போவது அந்தச் சேற்றைத்தான். முழுவதையும் ஒரே கோடையில் வாராமல், ஒரு கரை இந்த வருடம், மறுகரை அடுத்த வருடம் என்று செய்தால் என்ன என்று வேலை நடந்த ஓரிடத்தில் கேட்டேன். மேற்பார்வை பார்த்தவர் கோபப்படவில்லை. "நல்ல யோசனைதான் சார், ஆனா எங்களுக்குக் கன மீட்டர் கணக்குலதான் பில்லு" என்றார்.