எத்தனை வருசமாப் போடுறீங்கள்?

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது நான் வேலை செய்யும் பாமசி. ரயில் போகும்போது கண்ணாடித் தட்டுகள் அதிரும். பதினெட்டு வருடமாக அவற்றின் முன்னால் நிற்கிறேன். மருந்தெடுக்க வருபவர்களில் அரைவாசிப்பேர் தொடர்மாடிகளில் தனியே இருக்கும் வயதான அம்மாமார். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள்.

அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எலும்பு ஐதாகிப் போனதற்காக அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், கிழமைக்கு ஒரு குளிசை. முதல் தடவை நான்தான் விளக்கினேன்: ஞாயிறு விடிய, வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையப் பச்சைத் தண்ணீரோடு. பிறகு அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது, தேத்தண்ணியும் கூடாது. எழும்பியதும் பிளேன்ரீ குடித்துப் பழகியவர்களுக்கு அந்தக் கடைசி நிபந்தனைதான் பெரிய கஷ்டம். ரீச்சர் ஒருநாளும் பிழை விட்டதில்லை. எப்படிப் போடவேண்டும் என்று சொன்ன நான், எவ்வளவு காலம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. டொக்டரின் துண்டு வரும், மருந்தைக் கொடுப்பேன்.

ஒன்பதாவது வருடம் ஒருநாள், "பிள்ளை, வலது தொடை ஒரே உளைவு. நடந்தாக் கூடுது" என்றார். "தேய்வுதானே ரீச்சர்" என்றேன். எங்கள் ஆட்களுக்கு முழங்கால் தேய்வதும் எலும்பு ஐதாவதும் ஒரே வருத்தம்தான். படித்த நானும் அன்று அப்படித்தான் பேசினேன். பூசுவதற்குப் பாம் கேட்டார். கொடுத்தேன், பனடோலும் சேர்த்து.

இரண்டு மாதத்தில் தொடை எலும்பு முறிந்தது. குசினியில் அடுப்படியிலிருந்து திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான். முறிந்த பிறகுதான் விழுந்தார்.

மகள் தன் போனில் எக்ஸ்ரேயைக் காட்டினாள். வயதானவர்களுக்கு வழக்கமாக முறிவது இடுப்பை ஒட்டிய, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி. இது அதற்கும் கீழே, எலும்பின் தடித்த தண்டில், சோக்கட்டியை ஒடித்தமாதிரிக் குறுக்காக முறிந்திருந்தது. அந்த இடத்தில் வெளிப்பக்க விளிம்பு சிறு மொக்குப்போலத் தடித்திருந்தது. மற்றத் தொடையையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் மயிரிழையாய் ஒரு வெடிப்பு.

அன்றிரவு புத்தகங்களைத் திரும்ப எடுத்தேன். நம் எலும்பு பழையதை அரித்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருப்பது. மாதவிடாய் நின்றபின் அரிப்பு முந்திவிடுகிறது. இந்தக் குளிசை அரிக்கும் கலங்களை அடக்குகிறது. ஆனால் நடந்து நடந்து எலும்பில் விழும் நுண்ணிய வெடிப்புகளைப் பழுதுபார்ப்பதும் அந்தக் கலங்கள் தொடங்கிவைக்கிற வேலைதான். வருடக்கணக்காக அவற்றை அடக்கி வைத்தால் வெடிப்பு ஆறாமல் கிடந்து பெருக்கிறது. இப்படி முறிந்தவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஏழு பேருக்கு, கிழமைகளோ மாதங்களோ முன்பே தொடையிலோ கவட்டிலோ உளைவு வந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் மருந்தின் விபரத்தாளில் இந்த எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது 2010 ஒக்டோபரில். ரீச்சரின் உளைவுக்கு நான் பாம் கொடுத்தது அதற்கு வெகுகாலம் பிறகு.

இதைக் கேட்டுக் குளிசையைத் தூக்கி எறிய வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். கலிபோர்னியாவில் ஏறத்தாழ 1,96,000 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வந்தது. தொடைத்தண்டில் இப்படி முறிந்தவர்கள் 277 பேர். ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு ஆபத்து வெள்ளையரைவிடப் பல மடங்கு. அப்படியிருந்தும், 10,000 ஆசியப் பெண்கள் மூன்று வருடம் போட்டால் 91 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படும், இந்த வகை முறிவு 8 பேருக்கு வரும் என்பதே கணக்கு. இடுப்பு முறிந்து படுக்கையோடு போன எத்தனையோ அம்மாமாரைக் கண்டவள் நான். அந்த 91ஐச் சின்னதாக நினைக்க என்னால் முடியாது.

வருடம் கூடக்கூடத்தான் ஆபத்து ஏறுகிறது. நிறுத்தினால் கெதியாக இறங்குகிறது. மருந்தோ எலும்புக்குள் தங்கிக் கொஞ்சக்காலம் காவல் நிற்கும். ஆகவேதான் ஐந்து வருடமளவில் டொக்டர் திரும்பப் பரிசோதித்து, முறியும் ஆபத்துக் குறைந்தவர்களுக்கு இடைவேளை கொடுப்பது. இதே எலும்பு வருத்தத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி வேறு கதை. மாற்று மருந்து இல்லாமல் அதை விட்டால் முள்ளந்தண்டு எலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கக்கூடும். அதைத் தானாக நிறுத்தவே கூடாது.

இப்போது இந்தக் குளிசைத் துண்டு வந்தால் இரண்டு கேள்வி கேட்காமல் பெட்டியை எடுப்பதில்லை. எத்தனை வருசமாப் போடுறீங்கள்? தொடையில, கவட்டில உளைவு இருக்கோ? பின்னேரச் சனத்துக்குள் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை நெடுங்காலம் எடுப்பவர் என்றால் இன்னும் கவனமாகக் கேட்பேன். உளைவு என்று சொன்னால் அன்றைக்கே டொக்டரிடம் அனுப்புகிறேன், இரண்டு தொடையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்கும்படி.

ரீச்சருக்கு இரண்டு காலிலும் கம்பி. இடது கால் முறியமுன்னமே வைத்துவிட்டார்கள். போன மாதம் பொல்லோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். நான் கவுண்டரைவிட்டு வெளியே போய், அன்றைக்கு டொக்டரிடம் அனுப்பாதது என் பிழை என்று சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் நின்றார்.

"பாம் கேட்டது நான்தானே பிள்ளை" என்றார். பிறகு பிரஷர்க் குளிசைத் துண்டை நீட்டினார்.