தொப்புள் காயத்தைக் கவனியுங்கள்

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டுச் செய்யும் ஆப்பரேஷன், செய்துகொண்டவர்கள் கண் விழித்ததும் நர்ஸான என்னிடம் கேட்பது, "மிஸ்ஸி, எத்தனை ஓட்டை?" பெரும்பாலும் நாலு. அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

விலாவுக்குக் கீழே அரை சென்டிமீட்டர் அளவில் இருப்பவை சீக்கிரம் ஆறிவிடும். தொப்புளில் இருப்பது ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு அதற்கும் மேல். கேமரா போவது அந்த வழி. பல நேரம் பித்தப்பையைச் சின்னப் பைக்குள் போட்டு வெளியே எடுப்பதும் அதே வழிதான். கல் பெரிதென்றால் அந்த வாயை இன்னும் கொஞ்சம் கீற வேண்டிவரும். குண்டானவர்களுக்கும் வயிற்றுச் சுவர் அங்கே மெலிசு, தழும்பும் மடிப்பில் மறைந்துவிடும் என்பதால்தான் அந்த இடம். நடுவயிற்றில் பழைய தழும்பு இருந்தால், அடியில் குடல் ஒட்டியிருக்குமோ என்று இடது விலாவுக்குக் கீழே முதல் துளை போடும் சர்ஜன்களும் உண்டு.

அழுக்கும் வியர்வையும் தங்குவதும் அதே மடிப்பில்தான். நம் பெண்களிடம் இன்னொன்று: உடம்புச் சூட்டுக்குத் தொப்புளில் விளக்கெண்ணெய். ஆப்பரேஷனுக்கு முன் அதைச் சுத்தம் செய்வதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிடும். வீட்டுக்குப் போனதும் பாவாடை நாடா சரியாக அந்தக் காயத்தின் மேலேயே உட்காரும். நைட்டி போடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். தோள் வலித்தால் பயப்பட வேண்டாம். வயிற்றை உப்பவைக்க ஏற்றிய கார்பன் டைஆக்சைடு, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, ஓரிரு நாளில் போய்விடும். காய்ச்சல், சீழ், சுற்றிலும் சிவப்பு, நாளாக நாளாகக் கூடும் வலி என்றால் உடனே வந்துவிடுங்கள்.

இதே ஆப்பரேஷன் செய்துகொண்ட என் அத்தைக்குச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். தைப்பூசத்துக்கு இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் எடுப்பதாக வேண்டுதலாம். "தோல்தான் ஒட்டிடுச்சே" என்றார். தோலுக்கு அடியில் இருக்கும் உறையிலும் தையல் போட்டிருக்கிறார்கள். அது பலமாவதற்குள் பாரம் தூக்கினாலோ, ஓயாமல் இருமினாலோ, அந்த இடம் விட்டுக்கொடுத்துக் குடலிறக்கம் வரலாம். பால்குடத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டுக் கூடவே நடக்கச் சொன்னேன். அடுத்த அப்பாய்ன்ட்மென்ட்டில் டாக்டரிடமே கேட்டுக்கொள்வதாக அத்தை கோபித்துக்கொண்டு போனார். கேட்கட்டும்.