புதுக் கேம்ரியில் குன்னூர்: முன்பக்கம் மாறியது, பின் சீட்டு மாறவில்லை

நேற்று ராத்திரிதான் திருப்பூர் வந்து சேர்ந்தோம். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மாமா தன் பழைய டொயோட்டா கேம்ரியைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்திருக்கிறார். 2019-ல் வந்த அந்தப் பழைய மாடலையும் இதே மலையில் ஓட்டியவன் நான். அதனால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் 48 லட்சம் ரூபாய் ஷோரூம் விலைக்கு வந்த கார் இது. கூரான விளக்குகளோடு முன்பக்கம் ரொம்ப அழகாக இருக்கிறது. பழையதின் அகலத் திறந்த கிரில் எனக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை. ஆனால் அடித்தளம் அதேதான். வீல்பேஸும் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தூரம்) அதே 2,825 மி.மீ. மொத்த நீளம் மட்டும் 4,885-லிருந்து 4,920 மி.மீ. ஆகியிருக்கிறது. கூடிய நீளமெல்லாம் மூக்குக்கும் வாலுக்கும் போய்விட்டது, பின்னால் உட்காருகிறவர் காலுக்கு ஒன்றும் வரவில்லை. நம் ஊரில் இந்தக் காரை வாங்குகிறவர்களில் நிறையப் பேர் பின் சீட்டில்தான் உட்காருகிறார்கள். முதலில் யோசித்திருக்க வேண்டியது அவர்களைத்தான்.

"இடமெல்லாம் தாராளமாத்தான் இருக்குது மாப்பிள்ளை, நீங்க ரோட்டப் பாருங்க" என்றார் மாமா. சீட்டைச் சாய்த்துக்கொண்டு அன்னூர் தாண்டுவதற்குள் தூங்கியும் போனார். சாயும் சீட்டு பழையதிலும் இருந்தது என்று அத்தையிடம் சொன்னேன்.

மேட்டுப்பாளையத்தில் டிபன். கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸ் (நீலகிரிக்கு வண்டியில் போக ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் விஷயமே இருக்கிறது.

குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளக் காரை அதில் திருப்பும்போது எதிரே அரசு பஸ் வந்தால் கை வியர்க்கும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது மலைச்சாலை விதி. பஸ் டிரைவர்கள் அதை மதித்து நிறுத்துகிறார்கள். வாடகை எஸ்யூவி ஓட்டும் வெளியூர் இளைஞர்கள் மதிப்பதே இல்லை. பர்லியாறுக்கு மேலே ஒருத்தர் வளைவிலேயே முந்திக்கொண்டு வந்து எங்கள் கண்ணாடியை உரசப் பார்த்தார். இன்னும் கோபம் அடங்கவில்லை.

இஞ்சினைப் பற்றி மனம் நிறைந்து சொல்வேன். மேலே போகப்போகக் காற்று லேசாகும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இஞ்சினுக்கு மூச்சு வாங்கும். குன்னூர் 6,000 அடி, ஊட்டி 7,300 அடிக்கு மேல். இதில் இருப்பதும் டர்போ இல்லாத 2.5 லிட்டர் பெட்ரோல்தான். ஆனால் இது ஹைபிரிட் கார், கூடவே பேட்டரியில் ஓடும் மின் மோட்டாரும் இருக்கிறது, அதற்குக் காற்றே தேவையில்லை. வளைவில் வேகம் செத்துப்போய்த் திரும்ப மிதிக்கும்போது மோட்டார்தான் முதலில் தள்ளுகிறது. பழையதிலும் இது உண்டு, ஆனால் மிதித்தவுடன் இஞ்சின் அலறும். இப்போது அந்தச் சத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது. முகத்தை மாற்றியதைவிட இதுதான் பெரிய வேலை. விளம்பரத்தில் இதைத்தான் முன்னால் போட்டிருக்க வேண்டும்!

12.3 அங்குலத் திரை பெரிசுதான். ஏசிக்குத் தனியாகப் பட்டன் விட்டுவைத்தார்களே, அதற்கு நன்றி. வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திரையில் குளிரைத் தேட முடியாது.

சிம்ஸ் பூங்கா பக்கம் ஒரு தனியார் இடத்தில் நிறுத்தப் போனோம். முன்னால் நின்ற சின்னக் காருக்கு 100 ரூபாய். எங்களைப் பார்த்ததும் 300. கேட்டால் "பெரிய வண்டிங்க" என்றார். நீளம் கூடுதல், சரி, ஆனால் மூன்று கார் இடத்தையா அடைக்கிறது? தங்கும் விடுதியிலும் இதே கதை. போனில் சொன்ன வாடகை, வாசலில் காரைப் பார்த்ததும் 800 ரூபாய் ஏறியது. கார் மாமாவுடையது, பெட்ரோலும் அறையும் பாதிப்பாதி என்பது எங்கள் பேச்சு. அந்த 800-இல் பாதி என் பையிலிருந்து போனது. நீங்கள் போனால் வாடகையை எழுத்தில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாடு கோத்தகிரியில். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன மெஸ். பச்சை அவரைக் கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, சுடச்சுடச் சோறு. அத்தை மூன்றாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார். அந்த அவரைக்காகவே இன்னொரு தடவை மலையேறுவேன். ஆளுக்கு 90 ரூபாய்!

சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. இறங்கும்போது பிரேக்கைத் தொடத்தொட பேட்டரி ஏறிக்கொண்டே வந்தது. பாதி மலையிலேயே நிரம்பிவிட்டது. அப்புறம் இஞ்சின் தானாகவே சுற்றி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. திடீரென்று சத்தம் கேட்டு மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை, பிரேக் சூடாகாமல் இருக்க அதுதான் நல்லது.

நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 25.49 கி.மீ. மலையும் சேர்த்து எங்களுக்குக் கிடைத்தது 19. இந்த எடைக்கு இது அபாரம். என் பங்கு பெட்ரோல் காசை மாமா கையில் கொடுத்தபோது, போன தடவையைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

இ-பாஸ் இலவசம்தான். வீட்டிலேயே எடுத்துவிடுங்கள், கல்லாறில் நின்றுகொண்டு போனில் எடுக்கிறவர்களால்தான் வரிசை நகரவே மாட்டேன் என்கிறது.